தனியார் வங்கி நோட்டு: அச்சடித்த பணமா, எழுதிக் கொடுத்த கடனா?

பணத்தைப் பற்றிய விவாதங்களில் ஒரு செய்தி அடிக்கடி தலைகாட்டும். ஒரு காலத்தில் தனியார் வங்கிகளே தங்கள் பெயரில் பணம் அச்சடித்து மக்களிடம் விட்டன என்பதே அது. செய்தி உண்மைதான். ஆனால் அதிலிருந்து பலரும் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் தவறானவை. வெறும் தாளைக் கொடுத்து மக்களின் பொருளைப் பறித்த மோசடிக் காலம் அது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அரசின் தலையீடு இல்லாமல் பணம் தானாகவே ஒழுங்காக இயங்கிய பொற்காலம் என்று மறு சாரார் சொல்கிறார்கள். அந்தத் தாள் எப்படிப் பிறந்தது, எவ்வழியே கை மாறியது, எங்கே போய் முடிந்தது என்பதை இரு சாராரும் கவனிப்பதில்லை. அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், இது குறித்த குழப்பத்தில் பெரும்பகுதி விலகிவிடும். பொருளியல் படிக்காதவரும் பின்தொடரும்படி அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒரு கைச்சீட்டிலிருந்து தொடங்கலாம்

நம்பகமானவர் என்று பெயரெடுத்த ஒருவர் உங்களுக்கு 100 வெள்ளிக்காசு தர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காசுக்குப் பதிலாக அவர் ஒரு சீட்டு எழுதித் தருகிறார்: "இச்சீட்டைக் கொண்டு வருபவர் கேட்டவுடன் 100 காசு தருவேன்." அதில் உங்கள் பெயர் இல்லை, யார் கொண்டு போனாலும் காசு கிடைக்கும். நீங்கள் வேறொருவருக்கு 100 காசு தர வேண்டியிருந்தால், அந்தச் சீட்டையே அவரிடம் கொடுத்துவிடலாம். எழுதியவரின் நேர்மையை அவரும் அறிந்திருந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்வார். இப்படிப் பத்துப் பேரின் கடன்கள் அந்த ஒரே சீட்டால் தீரக்கூடும். அதுவரை வெள்ளிக்காசு எழுதியவரின் பெட்டியை விட்டு நகர்ந்திருக்காது.

தனியார் வங்கி நோட்டு என்பது அடிப்படையில் இந்தச் சீட்டுதான். சீட்டு எழுதியவரின் இடத்தில் ஒரு வங்கியும், கையெழுத்தின் இடத்தில் செதுக்கிய தகட்டால் அச்சிட்ட தாளும் வந்தன. எனவே "பணம் அச்சடித்தன" என்று சொல்வதைவிட, "கடன் பத்திரத்தை அச்சடித்தன" என்று சொல்வதே சரியானது. நோட்டை வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர், வங்கி கடன்பட்டது. வங்கியின் கணக்கேட்டிலும் வெளியே உள்ள நோட்டுகள் சொத்து என்ற பக்கத்தில் வராமல், கொடுக்க வேண்டிய பொறுப்பு என்ற பக்கத்திலேயே எழுதப்பட்டன.

இங்கே முதல் கலைச்சொல் தேவைப்படுகிறது. நோட்டை வாங்கிக்கொண்டு அதற்குரிய தங்கத்தையோ வெள்ளியையோ வங்கி கொடுப்பதை "மாற்றித் தருதல்" என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவேன். நோட்டின் மதிப்பு முழுவதும் இந்த ஒரு செயலையே நம்பி நின்றது. கடனைத் தீர்க்கக் கொடுக்கும்போது, கடன் கொடுத்தவர் மறுக்காமல் ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் பணத்துக்குச் "சட்டபூர்வ செலாவணி" என்று பெயர். தனியார் வங்கி நோட்டுகள் பெரும்பாலும் அந்தத் தகுதி பெற்றவை அல்ல. வாங்க மறுக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. நம்பிக்கை இருந்தவர்களே வாங்கினார்கள்.

முதல் நோட்டுகள் ஏன் தோன்றின

உலோகக் காசின் சுமையே பல இடங்களில் தாளுக்கு வழி திறந்தது. சீனாவின் சிச்சுவான் பகுதியில் இரும்புக்காசு புழங்கியது. மதிப்புக் குறைந்த, எடை மிகுந்த அந்தக் காசைச் சுமந்து திரிவதைவிட, அதை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்வது வணிகர்களுக்கு வசதியாக இருந்தது. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்டு நகரத்துத் தனியார் வணிகர்கள் அத்தகைய சீட்டுகளை வெளியிட்டனர். சிலர் மாற்றித் தர முடியாமல் திணறியதால் சச்சரவுகள் எழுந்தன. 1020-களில் அரசு அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. பின்வந்த எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்ததன் சுருக்கம் இந்த ஒரு நிகழ்விலேயே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஐரோப்பாவில் முதல் வங்கி நோட்டுகள் 1661-இல் சுவீடனில் வெளிவந்தன. அங்கே செப்புத் தகடுகளே காசாகப் பயன்பட்டன. மிகப் பெரிய மதிப்புள்ள தகடு ஏறத்தாழ 20 கிலோ எடை கொண்டது. யோஹான் பால்ம்ஸ்ட்ரூக் நடத்திய ஸ்டாக்ஹோம் வங்கி அதற்கு மாற்றாகத் தாள் வெளியிட்டது. மக்கள் விரும்பி வாங்கினர். வங்கி அளவுக்கு மீறிக் கடன் கொடுத்து நோட்டுகளைப் பெருக்கியது. 1664-இல் மாற்றித் தர வழியின்றி நோட்டுகளைத் திரும்பப் பெறத் தொடங்கியது. 1668-இல் பால்ம்ஸ்ட்ரூக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின் அது சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. வங்கியின் இடத்தில், நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டில், இன்றும் இயங்கும் சுவீடன் மத்திய வங்கி அதே ஆண்டில் உருவானது.

நோட்டு எப்படிப் புழக்கத்துக்கு வந்தது

இந்த இடத்தில்தான் தவறான எண்ணங்கள் மிகுதி. வங்கி நோட்டை அச்சடித்துத் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நோட்டுகள் கடன் வழியாகவே வெளியே போயின.

ஓர் எண் உதாரணம் பார்க்கலாம். ஒரு வணிகர் சரக்கை விற்றுவிட்டார். வாங்கியவர் மூன்று மாதம் கழித்து 5,000 தருவதாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். இதுவே உண்டியல் எனப்படும் மாற்றுச்சீட்டு. வணிகருக்குப் பணம் இன்றே தேவை. அவர் அந்த உண்டியலை வங்கியிடம் கொடுக்கிறார். வங்கி 4,900-ஐத் தன் நோட்டுகளாகத் தருகிறது. மூன்று மாதம் கழித்து உண்டியலுக்குரிய 5,000 வங்கிக்கு வந்து சேரும். இடையில் உள்ள 100 வங்கியின் வருமானம்.

காசாகக் கொடுத்திருந்தால் வங்கியின் பெட்டியில் 4,900 குறைந்திருக்கும். நோட்டாகக் கொடுத்ததால் காசு அங்கேயே இருக்கிறது. நோட்டு வெளியே சுற்றும் நாள்வரை, வங்கி வட்டியில்லாக் கடன் வாங்கி வட்டிக்குக் கடன் கொடுத்த நிலையில் இருக்கிறது. தனியார் வங்கிகள் நோட்டு வெளியிடும் உரிமையை அவ்வளவு விரும்பியதற்குக் காரணம் இதுதான். கடன் திரும்பும்போது அந்த வங்கியின் நோட்டாகவே திரும்பினால், வங்கிக்கு வர வேண்டியதும் வங்கி தர வேண்டியதும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். அந்த நோட்டுகள் புழக்கத்திலிருந்து மறைந்துவிடும். எனவே ஒருமுறை அச்சடித்த நோட்டு என்றென்றைக்கும் பணமாகவே இருந்தது என்று கொள்ளக் கூடாது. அது கடனோடு பிறந்து, கடனோடு முடிந்தது.

எல்லா நோட்டுகளும் ஒரே நாளில் மாற்றத்துக்கு வருவதில்லை. ஆகவே வெளியே உள்ள நோட்டுகளின் மொத்த மதிப்பைவிடக் குறைவான உலோகத்தையே வங்கிகள் பெட்டியில் வைத்திருந்தன. அந்த உலோகத்துக்குக் "கையிருப்பு" என்று பெயர். வங்கி நேர்மையாக நடந்தாலும் அதன் கையிருப்பு எப்போதும் குறைவாகவே இருக்கும். மீதிக்கு ஈடாக நிற்பவை அது கொடுத்த கடன்கள்.

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கினால்: நோட்டு என்பது வங்கி கேட்டவுடன் தர வேண்டிய கடன். அது பெரும்பாலும் வணிகக் கடன் வழியாக வெளியே போனது. அதன் பின்னால் கொஞ்சம் உலோகமும் நிறையக் கடன் பத்திரங்களும் இருந்தன.

அளவைக் கட்டுப்படுத்தியது எது

அப்படியானால் வங்கி வரம்பின்றி நோட்டு வெளியிடுவதைத் தடுத்தது எது? முதலாளியின் நல்லெண்ணம் என்றோ சட்டம் என்றோ விடை சொன்னால் அது பாதி உண்மைதான். உண்மையான கட்டுப்பாடு, நோட்டு திரும்பி வருவதில் இருந்தது. இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பொருளின் உயிர்நாடியையே பிடித்ததாகும் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் ஊரில் இரண்டு வங்கிகள் இருக்கின்றன. முதல் வங்கியின் நோட்டைக் கூலியாகவோ விலையாகவோ பெற்றவர் அதை இரண்டாம் வங்கியில் போடுகிறார். இரண்டாம் வங்கிக்குப் போட்டி வங்கியின் கடன் பத்திரத்தை வைத்துக்கொண்டிருப்பதில் லாபம் ஏதுமில்லை. அது உடனே ஆளனுப்பி உலோகம் கேட்கும். அளவுக்கு மீறி நோட்டு விட்ட வங்கியின் நோட்டுகள், மற்ற வங்கிகளின் பெட்டிகளில் விரைவாகக் குவியும். அவை மாற்றத்துக்கு வரும்போது கையிருப்பு கரையும். இப்படி ஒருவர் நோட்டை ஒருவர் கொடுத்து வாங்கி, மீதிக்கு மட்டும் உலோகம் தருகிற ஏற்பாட்டுக்குத் "தீர்வு" என்று பெயர்.

ஸ்காட்லாந்தில் இது முதலில் போராகவே நடந்தது. ஸ்காட்லாந்து வங்கி 1695-இல் தொடங்கியது. 1727-இல் ராயல் வங்கி வந்தது. புதிய வங்கி, பழைய வங்கியின் நோட்டுகளைத் திட்டமிட்டுச் சேகரித்து மொத்தமாக மாற்றக் கேட்டது. 1728-இல் பழைய வங்கி சில மாதங்கள் கதவை மூட நேர்ந்தது. மீண்டு வந்த அவ்வங்கி, 1730-இல் நோட்டின் வாசகத்தையே மாற்றியது: கேட்டவுடன் தரலாம், அல்லது வங்கி விரும்பினால் ஆறு மாதம் கழித்து வட்டியோடு தரலாம். திடீர்த் தாக்குதலைத் தாங்க இது கேடயமாக உதவியது. ஆனால் "கேட்டவுடன்" என்ற உறுதி இல்லாத நோட்டு வேறொரு பொருளாகிவிடுகிறது. பிற வங்கிகளும் அதைக் கைக்கொண்டபோது முறைகேடுகள் பெருகின. 1765-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாசகத்தையும், ஒரு பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளையும் தடை செய்தது. அதன் பின் வங்கிகள் போரை விட்டுவிட்டு, ஒழுங்காக நோட்டு மாற்றிக்கொள்ளும் தீர்வு முறைக்கு வந்தன.

அமெரிக்காவில் பாஸ்டனின் சஃபோக் வங்கி இதையே ஒரு தொழிலாக நடத்தியது. 1820-களிலிருந்து 1858 வரை, தன்னிடம் வைப்புத்தொகை வைத்த, நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதி வங்கிகளின் நோட்டுகளை முகமதிப்புக் குறையாமல் ஏற்றுத் தீர்த்தது. தொலைவில் உள்ள கிராம வங்கிகளுக்கு இந்தக் கண்காணிப்பு பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதியின் நோட்டுகள் நாட்டின் பிற பகுதி நோட்டுகளைவிட நம்பகமாக இருந்தன.

திரும்பி வரும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகன் மாநிலம் சாட்சி. 1837-இல் அங்கே வங்கி தொடங்குவதை எளிதாக்கிய சட்டம் வந்தது. அதே ஆண்டில் நெருக்கடி காரணமாக நோட்டை மாற்றித் தர வேண்டிய கட்டாயமும் நிறுத்தி வைக்கப்பட்டது. திறப்பதற்குத் தடை இல்லை, திருப்பித் தரும் கடமையும் இல்லை. வங்கிகள் காளான்போல் முளைத்தன. சோதனைக்கு வந்த ஆணையர்கள், ஒரே வெள்ளிக்காசு ஒரு வங்கியிலிருந்து அடுத்த வங்கிக்குத் தங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்ததைக் கண்டனர். ஆணிகளை நிரப்பி மேலே காசைப் பரப்பிய பெட்டிகளும் இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை வீழ்ந்தன. இதை மட்டும் வைத்து அக்கால வங்கிகள் அனைத்தும் மோசடி என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது. பிற மாநிலங்களில் வீழ்ந்த வங்கிகளை ஆராய்ந்தவர்கள், நோட்டுக்கு ஈடாக வாங்கச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்திய மாநில அரசுக் கடன் பத்திரங்களின் விலைச் சரிவே பல வீழ்ச்சிகளுக்குக் காரணம் என்று காட்டியிருக்கிறார்கள்.

தொலைவு கூடினால் விலை குறையும்

நோட்டை வெளியிட்ட வங்கியின் வாசலில் 10 டாலர் நோட்டுக்கு 10 டாலர் வெள்ளி கிடைத்தது. 500 மைல் தள்ளி அதே நோட்டை யாரேனும் 9 டாலருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வாங்குவார்கள். அதைத் திரும்ப எடுத்துச் செல்லும் செலவு, காத்திருக்கும் காலம், அதற்குள் வங்கி முறிந்துவிடும் அபாயம் ஆகிய மூன்றுக்குமான கழிவு அது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வகை நோட்டுகள் புழங்கின. எந்த வங்கியின் நோட்டை எவ்வளவு கழிவோடு வாங்கலாம், எது போலி, எந்த வங்கி மூடிவிட்டது என்பதைப் பட்டியலிடும் அறிக்கை இதழ்கள் தொடர்ந்து அச்சாகின. வியாபாரிகள் அவற்றைக் கல்லாவின் அருகே வைத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்துப் பட்டியலைப் பார்த்து விலை சொன்னார்கள். பணம் வாங்குவதற்கே இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டதை, தனியார் நோட்டுக் காலத்தை வியந்து போற்றுவோர் மறந்துவிடுகிறார்கள். அந்தச் சுமையில் பெரும்பங்கு, பட்டியல் வாங்கவும் படிக்கவும் இயலாத கூலிக்காரர்களின் தலையில்தான் விழுந்தது.

வங்கி முறிந்தால் யார் ஏற்றது

இதற்கு விடை வங்கியின் அமைப்பைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தின் அயர் வங்கி 1769-இல் தொடங்கி 1772-இல் முறிந்தது. அதன் பங்காளிகளுக்கு "வரம்பற்ற பொறுப்பு" இருந்தது. அதாவது வங்கியின் கடனைத் தங்கள் சொந்தச் சொத்தை விற்றாவது அடைக்க வேண்டும். நிலக்கிழார்கள் பலர் நிலங்களை இழந்தனர். நோட்டு வைத்திருந்தவர்களுக்கு முழுப் பணமும் கிடைத்தது. மாறாக, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1809-இல் முறிந்த ஒரு வங்கி, லட்சக்கணக்கான டாலர் நோட்டுகளை வெளியே விட்டிருந்த நிலையில், பெட்டியில் நூறு டாலருக்கும் குறைவான உலோகமே வைத்திருந்தது.

இங்கிலாந்தில் 1708-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்து வங்கியை (இன்று அந்நாட்டின் மத்திய வங்கி) தவிர ஆறு பேருக்கு மேல் கூட்டாளிகள் உள்ள எந்த வங்கியும் நோட்டு வெளியிடக் கூடாது என்றது. சிறிய, மூலதனம் குறைந்த ஊர் வங்கிகளே மிஞ்சின. 1825-ஆம் ஆண்டு நெருக்கடியில் அவற்றில் பல வரிசையாக முறிந்தன. வலிமையான வங்கி உருவாவதைச் சட்டமே தடுத்துவிட்டு, பழியைத் தனியார் நோட்டின் மேல் போட்ட கதை இது என்பது என் கருத்து.

இலங்கையின் அனுபவம் நமக்கு மிக நெருக்கமானது. அங்கே ஓரியண்டல் வங்கியின் நோட்டுகள் பரவலாகப் புழங்கின. அந்த வங்கி காப்பித் தோட்டங்களுக்குப் பெருமளவு கடன் கொடுத்திருந்தது. இலைநோய் தாக்கிக் காப்பிப் பயிர் அழிந்தது, கடன்கள் திரும்பவில்லை. 1884 மே மாதம் வங்கி மூடப்பட்டது. நோட்டை வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றபோது, ஆளுநர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று உத்தரவாதம் அளித்தார். அதே ஆண்டில் காகிதப் பணச் சட்டம் வந்தது. 1885 முதல் அரசு நோட்டுகள் வெளியாகின. வங்கி வீழ்ந்ததற்குக் காரணம் நோட்டு அச்சடித்தது அல்ல, ஒரே பயிரின் மேல் கொடுத்த கடன்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நோட்டின் பின்னால் நிற்பவை கடன்கள் என்று முன்பு சொன்னதன் பொருள் இதுதான்.

சுருக்கமாக: நோட்டின் பாதுகாப்பு மூன்றைச் சார்ந்திருந்தது. அது விரைவாகத் திரும்பி வந்ததா, அதன் பின்னால் இருந்த கடன்கள் நல்லவையா, வங்கி முறிந்தால் யாருடைய சொத்து பொறுப்பேற்றது.

அரசு கையில் எடுத்த விதம்

பெரும்பாலான நாடுகளில் தனியார் நோட்டு ஒரே நாளில் தடை செய்யப்படவில்லை, மெல்ல நெருக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் புதிய வங்கிகளுக்கு நோட்டு உரிமையை மறுத்து, பழையவற்றின் அளவுக்கு உச்சவரம்பு வைத்தது. வேறு வங்கியோடு இணையும்போது உரிமை போகும். கடைசியாக நோட்டு வெளியிட்ட சோமர்செட் பகுதி வங்கி 1921-இல் லாயிட்ஸ் வங்கியோடு இணைந்தபோது அங்கே அது முடிவுக்கு வந்தது. அமெரிக்கா வரியைப் பயன்படுத்தியது: 1865-இல் மாநில வங்கி நோட்டுகளின் மேல் 10 சதவீத வரி விதிக்கப்பட்டதும் அவை லாபமற்றுப் போயின.

இந்தியாவில் கல்கத்தாவின் இந்துஸ்தான் வங்கி 1770 முதல் நோட்டு வெளியிட்டது. அதை நடத்திய அலெக்சாண்டர் நிறுவனம் 1832-இல் வீழ்ந்தபோது வங்கியும் மூடியது. பின்னர் வங்காள வங்கி, 1840-இல் பம்பாய் வங்கி, 1843-இல் மதராஸ் வங்கி ஆகிய மாகாண வங்கிகள் நோட்டு வெளியிட்டன. இவற்றில் அரசும் பங்கு வைத்திருந்ததால், முழுத் தனியார் என்று சொல்ல முடியாது. வங்காள வங்கியின் ஒரு வரிசை நோட்டில், துறைமுகத்தருகே அமர்ந்த பெண்ணுருவம் வணிகத்தின் அடையாளமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வங்கியின் பெயரும் தொகையும் உருது, வங்காளம், நாகரி ஆகிய மூன்று எழுத்துகளில் இருக்கும். 1861-ஆம் ஆண்டுக் காகிதப் பணச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. மூன்று வங்கிகளும் 1921-இல் இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியாயின.

ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஹாங்காங்கிலும் வணிக வங்கிகள் இன்றும் நோட்டு வெளியிடுகின்றன. ஆனால் இயக்கம் முழுக்க மாறிவிட்டது. ஹாங்காங்கில் நோட்டு வெளியிடும் வங்கி, ஒவ்வொரு 7.80 ஹாங்காங் டாலருக்கும் ஓர் அமெரிக்க டாலரை அரசின் நிதியத்திடம் முன்கூட்டியே செலுத்த வேண்டும். ஸ்காட்லாந்து நோட்டுகளுக்கு ஈடாக இங்கிலாந்து வங்கி 10 லட்சம் பவுண்டு, 10 கோடி பவுண்டு மதிப்புள்ள தனி நோட்டுகளை வைத்திருக்கிறது. அவை பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. முகப்பில் வணிக வங்கியின் பெயர் இருந்தாலும், அந்த வங்கி தன் கடனைப் பணமாக்கிச் சம்பாதிக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது.

பழைய நோட்டு கையில் கிடைத்தால்

அருங்காட்சியகத்திலோ சேகரிப்பாளரிடமோ ஒரு தனியார் வங்கி நோட்டைப் பார்க்க நேர்ந்தால், படத்தைவிட எழுத்துகளை முதலில் கவனியுங்கள். "கேட்டவுடன்" என்ற சொல் இருக்கிறதா, எந்த ஊர்க் கிளையில் மாற்றித் தரப்படும் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அந்த நோட்டு எந்த இடத்தில் முழு மதிப்போடு நின்றிருக்கும் என்பதை அந்த வரியே சொல்லிவிடும். அடுத்து எண், தேதி, கையெழுத்து. பல நோட்டுகளில் இவை மூன்றும் பேனா மையால் கையால் எழுதப்பட்டவை. அச்சு முழுமையாக இருந்து இந்த இடங்கள் வெறுமையாக இருந்தால், அது வங்கியில் வெளியிடப்படாமல் மிஞ்சிய தாள். அது ஒருபோதும் யாருடைய கடனாகவும் இருந்ததில்லை. துளையிட்டோ கையெழுத்துப் பகுதியை வெட்டியோ இருந்தால், வங்கி மாற்றிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டது என்று பொருள். சில நோட்டுகள் நடுவில் வெட்டப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருக்கும். வழியில் திருட்டுப் போகாமலிருக்க ஒரு பாதியை முதலில் அஞ்சலில் அனுப்பி, அது சேர்ந்த செய்தி வந்த பிறகு மறுபாதியை அனுப்பும் வழக்கம் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இருந்தது. கணக்கு முடித்த அடையாளம் எதுவுமின்றி, கையெழுத்தோடு தேய்ந்து மடிந்த நோட்டாக இருந்தால், அது பெரும்பாலும் மாற்றத்துக்குத் திரும்பாமலே போனது. அப்படியானால் அந்தக் கடனை வங்கி அடைக்கவே இல்லை.